மறைய வேண்டிய கண்ணாடிக் குச்சி

என் கண்ணைப் பற்றி எனக்கு அந்த நாட்களில் பெரிய எண்ணம். இருபத்தாறு வயது. ஊசியில் நூல் கோர்க்க ஊரே என்னைத்தான் கூப்பிடும். "நான் இல்லை எண்டு சொன்னால் இல்லைதான்" என்று சொல்லித் திரிந்தவள் நான். அந்த வசனத்தை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

கிளிநொச்சிச் சனம் முழுவதும் இடம்பெயர்ந்து வந்த வருடத்து மழைக்காலம் அது. ஸ்கந்தபுரத்துப் பக்கம் ஒரு நெல்லுக் களஞ்சியத்துக்குள் ஆஸ்பத்திரி நடந்தது. களஞ்சியத்தின் பின்சுவரோடு இறக்கிய தென்னோலைக் கிடுகுப் பத்திக்குள் என் மேசை. மேசையில் ஒரு நுணுக்குக்காட்டி. காய்ச்சலோடு வருகிறவர்களின் விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் போட்டு, அதற்குள் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் 'உண்டு' என்று எழுதினால் மருந்து. அதிலும் ஆளைக் கொல்லுகிற வகைக் கிருமி என்று எழுதினால் குயினைன் ஊசி. ஊசிமருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் பாதி வழியிலே நிற்கும். அதனால் டொக்டர் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். தகட்டில் கிருமி காணாமல் குயினைன் இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. இருந்த குப்பிகளை ஒரு கையால் எண்ணிவிடலாம்.

மின்சாரம் இல்லை. எனக்கு வேண்டிய வெளிச்சம் வானத்திலிருந்துதான் வரவேண்டும். நுணுக்குக்காட்டியின் அடியில் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வட்ட ஆடி இருக்கும். அது வானத்து வெளிச்சத்தைப் பிடித்து மேலே அனுப்பும். வெளிச்சம் தகட்டின் கண்ணாடியைக் கடந்து, இரத்தத்தைக் கடந்து, அதன் மேல் விட்ட ஒரு சொட்டு எண்ணெயைக் கடந்து, வில்லைக்குள் ஏறி என் கண்ணுக்கு வரும். எண்ணெய் ஏன் என்று யாராவது கேட்டால், "அப்பிடித்தான் பழக்கினவை" என்பேன். பள்ளிக்கூடத்தில் கண்ணாடிக் குற்றியை வெள்ளைத் தாளில் வைத்து, குண்டூசி குத்தி, ஒளி எந்த இடத்தில் முறிகிறது என்று கோடு கீறியவள்தான் நான். காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது ஒளி வேகம் குறைந்து திரும்பும் என்று எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன். பரீட்சை முடிந்ததும் அந்தப் படிப்பைக் கொப்பியோடு கட்டி வைத்துவிட்டேன்.

முதலில் மேசையை வெளியே மாமரத்தடியில்தான் போட்டிருந்தேன். இரண்டாம் நாளே பக்கத்து வளவுக்காரர் வந்துவிட்டார்.

"பிள்ளை, உந்த ஆடியை உள்ளுக்குக் கொண்டுபோங்கோ. மேல வண்டு சுத்துது. உது மினுங்கினால் எங்கட தலையிலதான் குண்டு வந்து விழும்."

வேவு பார்க்க வரும் விமானத்தை நாங்கள் வண்டு என்றுதான் சொல்வோம். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். மேசையை உள்ளே இழுத்துக்கொண்டேன். பத்தியில் ஒரு பக்கம் மட்டும் கிடுகு இல்லாமல் நீலப் பிளாஸ்டிக் தறப்பாள் கட்டியிருந்தது. கிடுகுக்குள்ளால் வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வரும். அது எனக்கு உதவாது. தறப்பாளுக்குள்ளால் தாராளமாக வரும், ஆனால் நீலமாகி வரும். அதற்குக் கீழே இருந்தால் நல்ல சுகத்தோடு இருக்கிறவரின் முகமும் பிரேதத்தின் முகமாகத் தெரியும். வெயில் நேரத்தில் தறப்பாளின் ஒரு மூலையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, அந்த இடுக்கால் வரும் வெள்ளை வெளிச்சத்தில் பார்த்துச் சமாளித்தேன்.

எனக்கு உதவிக்கு ஜெயபுரத்திலிருந்து வந்த ஒரு அக்கா இருந்தா. தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். களஞ்சியம் கூட்டுவதும், தகடுகள் கழுவுவதும் அவாவுடைய வேலை. புதுத் தகடுகள் வருவது நின்றுபோயிருந்தது. அதனால் 'உண்டு' என்று கண்ட தகடுகளை டொக்டருக்குக் காட்ட எடுத்து வைப்போம். 'இல்லை' என்று கண்டவற்றை அன்று பின்னேரமே சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் துடைத்து, மறுநாள் வேறொருவரின் இரத்தத்துக்குப் பாவிப்போம். அக்கா கழுவினால் தகட்டில் ஒரு கீறல், ஒரு விரலடையாளம் இருக்காது. அந்த வேலையில் அவாவுக்கு ஒரு கெட்டித்தனம் இருந்தது.

நான் சொல்லப்போகும் நாளுக்கு மூன்று கிழமைக்கு முன் அவாவுடைய புருசன் காய்ச்சலில் செத்துப்போனார். நான்தான் தகடு பார்த்தேன். 'இல்லை' என்று எழுதினேன். மூளைக்காய்ச்சலாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்த அடுத்த நாள் அக்கா வேலைக்கு வந்துவிட்டா. வீங்கிய கன்னத்தில் கையை வைத்தபடி, "வீட்ல இருந்தா பல்லு வலியும் கூடுதுங்க மிஸ்" என்றா.

இனி எண்ணெய்க் கதைக்கு வருகிறேன். நுணுக்குக்காட்டிக்கென்று வரும் எண்ணெய் தனி எண்ணெய். ஒரு சின்ன வெள்ளைப் போத்தலில் வரும். மூடியோடு சேர்ந்து உள்ளே ஒரு கண்ணாடிக் குச்சி இறங்கியிருக்கும். குச்சியால் தொட்டு ஒரு சொட்டு விடுவோம். அது ஆவணிக் கடைசியில் முடிந்துவிட்டது. வவுனியாவுக்கு எழுதிக் கேட்டோம். எண்ணெய் வரவில்லை, பதில்கூட வரவில்லை. எண்ணெய் என்றால் எண்ணெய்தானே என்று, தேங்காய் எண்ணெயைத் துணியில் வடித்து அதே போத்தலுக்குள் விட்டேன். படம் தெரிந்தது. கொஞ்சம் புகைபிடித்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். நானே கண்டுபிடித்த வழி என்று எனக்குப் பெருமை வேறு. பழைய எண்ணெய்க்குள் கண்ணாடிக் குச்சி எங்கே நிற்கிறது என்றே தெரியாது. இப்போது குச்சி நுனிவரை பளிச்சென்று தெரிந்தது. எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க இது வசதி என்று அக்காவிடம் சொல்லிச் சந்தோசப்பட்டேன். என் அறிவு அந்த அளவில் நின்றது.

அதற்குப் பிறகு மலேரியா குறைந்துவிட்டது. அதாவது என் பதிவுப் புத்தகத்தில் குறைந்துவிட்டது. மழைவெள்ளம் நுளம்பின் குடம்பிப் புழுக்களை அடித்துக்கொண்டு போயிருக்கும் என்று டொக்டர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

கார்த்திகை நடுவில் என் தங்கச்சிக்குக் காய்ச்சல் வந்தது. அவள் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. புருசன் வவுனியாவுக்குப் போய், திரும்பிவர இராணுவத்தின் பாஸ் கிடைக்காமல் அங்கேயே நின்றார். எனக்கு அவள், அவளுக்கு நான். முதல் நாள் அவளுடைய விரலில் குத்தி நானே பார்த்தேன். இல்லை. மூன்றாம் நாள் காலையில் திரும்பவும் குத்தினேன். ஒரே குத்தில் இரண்டு தகடு எடுத்து, ஒன்றைப் பார்த்தேன். மணித்தியாலக் கணக்காகப் பார்த்தேன். அதிலும் இல்லை. என் தங்கச்சிக்கு மலேரியா இல்லை என்று நிம்மதிகூடப் பட்டேன்.

மத்தியானத்துக்குப் பிறகு அவள் பிசத்தத் தொடங்கினாள்.

"அக்கா, லாம்பை நூருங்கோ. கண் கூசுது."

லாம்பு ஒன்றும் எரியவில்லை. பகல் இரண்டு மணி. மழை இருட்டு. அவளுடைய கண்வெள்ளை மஞ்சளாக இருந்தது. நான் கையைப் பிடித்தேன். அவளுக்கு என்னைத் தெரியவில்லை. டொக்டரிடம் ஓடினேன்.

அவர் வந்து பார்த்தார். வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பாக்கிறதுக்கு மலேரியா மூளைக்கு ஏறினமாதிரித்தான் கிடக்கு. ஆனா ரண்டுதரம் இல்லை எண்டு எழுதியிருக்கிறீங்கள். வேற காய்ச்சல் எண்டால் குயினைன் ஏத்தி என்ன பிரயோசனம்? வயித்தில பிள்ளையும் கிடக்கு. உள்ள குப்பி ஒரு ஆளுக்குத்தான் காணும். வாட்டில மலேரியாவோட கிடக்கிற ஒரு பெடியனுக்கு நாளைக்குத் தேவைப்படலாம்."

"டொக்டர், என்ரை தங்கச்சி."

"தெரியும் பிள்ளை. ஒரு கிருமி காட்டுங்கோ. ஒண்டே ஒண்டு. இப்பவே ஏத்திறன். பொழுதுபட முன்னம் காட்டுங்கோ, அவ தாங்கமாட்டா."

எனக்கு அவர் மீது வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஆனால் 'இல்லை' என்று எழுதியது அவருடைய கை இல்லை. ஐந்தரைக்குமேல் என் ஆடிக்கு வெளிச்சம் கிடையாது. லாம்பின் மஞ்சள் வெளிச்சத்தில் மெல்லிய வளையங்கள் பிடிபடாது. மூன்று மணித்தியாலம் இருந்தது.

பார்க்காமல் வைத்திருந்த இரண்டாவது தகட்டை எடுத்தேன். எண்ணெய் விடப் போத்தலைத் திறந்தேன். அவசரத்தில் குச்சி போத்தலின் கழுத்தில் 'டிங் டிங்' என்று தட்டியது. எண்ணெய் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போத்தலைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். குச்சி நுனிவரை தெரிந்தது.

அது தெரியக்கூடாது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பழைய எண்ணெய்க்குள் குச்சி மறைந்துபோனது ஏன்? கண்ணாடிக்குள் ஒளி போகும் வேகமும் அந்த எண்ணெய்க்குள் போகும் வேகமும் ஒன்று. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஒளி முறியாது, திரும்பாது. ஒளியைப் பொறுத்தவரை அங்கே குச்சியே இல்லை. அதற்காகத்தான் அந்த எண்ணெய். தகட்டிலிருந்து வில்லைவரைக்கும் ஒரே கண்ணாடிபோல், இரத்தத்தைத் தொட்டுவந்த ஒளி ஒரு இடத்திலும் கலையாமல் வரவேண்டும். தேங்காய் எண்ணெய்க்குள் குச்சி தெரிகிறது என்றால் அங்கே ஒளி முறிகிறது. முறிந்து சிதறுகிற ஒளியில் பெரிய கிருமி தெரியும். மயிர்போல் மெல்லிய வளையம் கரைந்துபோகும். ஆளைக் கொல்லுகிற கிருமிதான் மெல்லிய வளையம்.

குண்டூசி குத்தியபோதே படித்த விசயம் இது. இரண்டரை மாதமாக அந்தக் குச்சி என் கண்முன்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தது. எனக்கு என் கண்தான் பெரிது.

"அக்கா, இஞ்ச எங்கயெல்லாம் எண்ணெய் இருக்கோ அவ்வளத்தையும் கொண்டுவாங்கோ. கெதியா!"

அக்கா ஓடித் திரிந்து கொண்டுவந்தா. நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய். ஒவ்வொன்றையும் வெறும் மருந்துக் குப்பியில் விட்டுக் குச்சியை இறக்கினேன். தெரிந்தது. தெரிந்தது. தெரிந்தது. மருந்து கொடுக்கும் இடத்திலிருந்து பேதிக்குக் கொடுக்கும் ஆமணக்கெண்ணெய் வந்தது. அதற்குள் குச்சி மங்கிப்போய், ஒரு மெல்லிய கோடாக மட்டும் நின்றது. ஆனாலும் நின்றது. மணி நாலாகிவிட்டது. களஞ்சியத்துக்குள்ளிருந்து தங்கச்சி "லாம்பு, லாம்பு" என்று கத்துவது கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண் மங்கும் என்று அதையும் அடக்கிக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற அக்காவிடமிருந்து கராம்பு மணத்தது.

"அக்கா, பல்லுக்கு என்ன வைக்கிறனீங்கள்?"

மடியிலிருந்து விரலளவு போத்தல் ஒன்றை எடுத்தா. "கராம்புத் தைலங்க மிஸ். இது இல்லாட்டி எனக்கு ராவுல தூக்கம் இல்ல."

"தாங்கோ."

இரக்கமில்லாமல் பறித்தேன் என்றுதான் சொல்லவேண்டும். தனிக் கராம்புத் தைலத்தில் குச்சி திரும்பவும் தெரிந்தது. ஆனால் வேறு விதமாகத் தெரிந்தது. முன்பு கறுப்பாகத் தெரிந்த விளிம்பு இப்போது வெளிச்சமாகத் தெரிந்தது. ஒளியை முறிப்பதில் ஆமணக்கெண்ணெய் கண்ணாடிக்குக் குறைவு, கராம்புத் தைலம் கண்ணாடிக்குக் கூட. அப்படியானால் எனக்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. ஊசிக் குழாயால் சொட்டுச் சொட்டாகக் கலந்தேன். சரிபாதி விட்டபோது குச்சி ஒரு நிழலாகியது. இன்னும் கராம்பு. இன்னும் ஒரு சொட்டு. ஆமணக்கு ஒன்றுக்குக் கராம்பு இரண்டு என்று வந்த இடத்தில் எண்ணெய்க்குள் இருந்த பாதிக் குச்சி இல்லாமல் போனது. அறுந்து விழுந்துவிட்டது என்றே அக்கா நினைத்து, குப்பியின் அடியைக் குனிந்து பார்த்தா.

நான் குச்சியை வெளியே இழுத்துக் காட்டினேன். முழுசாக இருந்தது. எனக்கு வெறி பிடித்ததுபோல் சந்தோசம். வாய் நிற்கவில்லை. "இதுதான் அக்கா! முந்தி உது தெரிஞ்சதுதான் பிழை. வெளிச்சம் முறிஞ்சு போனதால கிருமி இருந்தும் எனக்குத் தெரியேல்லை. இருந்திருக்கும். தங்கச்சியின்ரை தகட்டில இருந்திருக்கும்!"

தகட்டை ஏற்றி, ஒரு சொட்டு விட்டு, வில்லையை இறக்கிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டா.

"அப்ப எங்க வீட்டு ஆளோடதையும் அந்த எண்ணெயிலதான் பாத்தீங்களா மிஸ்?"

கூரையில் மழை சத்தமாக விழத் தொடங்கியிருந்தது. கேட்காததுபோல் இருந்திருக்கலாம். நான் திரும்பி அவாவுடைய முகத்தைப் பார்த்தேன். நீலத் தறப்பாளின் வெளிச்சத்தில் அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.

"ஓம் அக்கா. தேங்காய் எண்ணெயிலதான்."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. தகட்டுக்குத் திரும்ப என்னால் முடியவில்லை. திரும்பாமல் இருக்கவும் முடியவில்லை.

"இருட்டுது மிஸ்," என்றா. "தங்கச்சியப் பாருங்க."

குனிந்தேன். இருட்டுத்தான். நீல வெளிச்சத்தில் இரத்தமும் சாயமும் ஒன்றாய்க் குழம்பின. மழைக்காக இறக்கிக் கட்டிய மூலை காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. ஆடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. திடீரென்று ஆடி வெள்ளையாகியது. நிமிர்ந்து பார்த்தேன். அக்கா வெளியே மழைக்குள் இறங்கி, தறப்பாளின் கீழ்விளிம்பை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றா. தறப்பாளில் தேங்கிய தண்ணீர் முழுவதும் அவாவின் தலையில் கொட்டியது. கண்ணை மூடிக்கொண்டா. கையைத் தாழ்த்தவில்லை.

கண்ணை வில்லையில் வைத்தேன். புகை இல்லை. கழுவி வைத்ததுபோல் துலக்கம். செவ்வணுக்கள் ஒவ்வொன்றும் விளிம்போடு நின்றன. முதல் வட்டத்துக்குள்ளேயே கண்டேன். மெல்லிய நீல வளையம், அதன் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு. பக்கத்து அணுவில் இரண்டு. தகட்டை நகர்த்தினேன். எங்கு பார்த்தாலும் வளையங்கள். காலையில் 'இல்லை' என்று நான் எழுதிய இரத்தம் முழுக்கக் கிருமியாக இருந்தது.

டொக்டர் ஓடிவந்து ஒருமுறை குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். உள்ளே போய்ச் சேலைனில் குயினைனைக் கலந்து ஏற்றினார். தங்கச்சி இரண்டு இரவு பிசத்தினாள். மூன்றாம் நாள் காலமை, "அக்கா, ஏன் உப்பிடிக் காஞ்சுபோனீங்கள்?" என்று என்னைக் கேட்டாள். குழந்தை மாசியில் பிறந்தது. வாட்டில் கிடந்த பெடியனுக்கு, கும்பிட்ட தெய்வங்கள் புண்ணியத்தில், அடுத்த நாளே எங்கிருந்தோ மருந்து வந்து சேர்ந்தது. வராமல் இருந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது.

ஆவணிக்குப் பிறகு நான் எழுதிய 'இல்லை'கள் புத்தகத்தில் பக்கம் பக்கமாக இருந்தன. திரும்பப் பார்ப்பதற்குத் தகடு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் கழுவிவிட்டோம். டொக்டரிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "எல்லாரையும் தேடிப்பிடிச்சுத் திரும்பக் குத்துங்கோ" என்று மட்டும் சொன்னார். சைக்கிளில் குடிசை குடிசையாகப் போனேன். சிலர் கிடைத்தார்கள், சிலருக்குக் கிருமி இருந்தது, மருந்து கொடுத்தோம். சிலர் வேறெங்கோ இடம்பெயர்ந்து போயிருந்தார்கள். ஒருவருக்காக மட்டும் நான் போகவேண்டியிருக்கவில்லை. அவருடைய தகட்டில் வளையம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உண்மையாகவே மூளைக்காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்று சில நாட்களில் என்னைத் தேற்றிக்கொள்வேன். அந்தத் தேறுதல் நிலைப்பதில்லை.

குயினைன் ஏற்றிய மறுநாள் பின்னேரம் அக்கா வழக்கம்போலச் சவர்க்காரத் தண்ணீர்ச் சட்டியோடு வந்து குந்தினா. நான் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன்.

அவா நிமிர்ந்து பார்க்காமலே சொன்னா. "அவரோடதக் கழுவினது நான்தான் மிஸ். நல்லாத் தேச்சுத்தான் கழுவினேன்."

நான் அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன். அவா அழவில்லை. கையிலிருந்த தகட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அந்தத் தைலத்துல மிச்சம் இருக்குங்களா? பல்லு உயிர் போகுது" என்று கேட்டா. மிச்சம் இருக்கவில்லை. முழுவதையும் நான் கலந்துவிட்டேன்.

பிறகு ஒரு வருடத்துக்குமேல் நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பத்தியில் ஒன்றாக வேலை செய்தோம். அந்தச் சம்பவத்தைப் பற்றி அவா திரும்பப் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து 'இல்லை' என்று நான் வைத்த தகட்டை அவா நேரே தண்ணீருக்குள் போட்டதும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, வானத்துக்கு நேரே பிடித்து, அதற்குள்ளால் பார்ப்பா. வெறும் கண்ணுக்கு அதில் ஒன்றும் தெரியாது என்று அவாவுக்கும் தெரியும். பார்த்துவிட்டு என்னிடம் நீட்டிக் கேட்பா.

"கழுவட்டுங்களா மிஸ்?"

ஒவ்வொரு முறையும் நான் அதை வாங்கி, திரும்ப ஏற்றிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.